ஸ்டீயரிங் உதறுகிறதா? பழைய பிக்கப்பில் கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்த உதறல் புதிதல்ல. 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் கையில் குதிக்கும், இல்லாவிட்டால் பிரேக்கில் கால் வைத்ததும் முன்பக்கமே நடுங்கும். யாரிடமாவது சொன்னால் ஒருவர் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோண அளவு) என்பார், இன்னொருவர் பால் ஜாயிண்ட் (முன்சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) என்பார், மூன்றாமவர் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்வார். நானும் ஒருமுறை அப்படிக் கேட்டு இரண்டு பக்க டை ராட் எண்டையும் (ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை மூட்டு) மாற்றி, அலைன்மென்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன். அதே உதறல். கடைசியில் முன் இடது ரிம்மின் உள்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குச் சேறு காய்ந்து இறுகிக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் பெயர்த்து எடுத்தேன், உதறல் போய்விட்டது.

எப்போது உதறுகிறது என்று தெளிவாகத் தெரியும் வரை இப்போதெல்லாம் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

படி 1: ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

வண்டியைக் கிளப்பும் முன் நான்கு சக்கரத்து நட்டுகளையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். தளர்ந்த நட்டும் உதறலாகத்தான் காட்டும், அதோடு ஓட்டினால் சக்கரமே கழன்றுவிடும். டயர் காற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆளில்லாத நேரான சாலையில் மெதுவாக வேகத்தைக் கூட்டிப் போங்கள். எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது, ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, சீட்டுக்கு அடியில் தெரிகிறதா? ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் சுழல் தண்டு). 80-லிருந்து 110-க்குள் வந்து, அதைத் தாண்டினால் குறைகிறது என்றால் முதல் சந்தேகம் வீல் பேலன்சிங்தான், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை.

உதறலின் வேகமும் ஒரு துப்பு. சுமார் 75 சென்டிமீட்டர் உயரமுள்ள டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.36 மீட்டர் ஓடும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். ஆக சக்கரம் நொடிக்குப் பத்து, பதினோரு முறைதான் சுற்றுகிறது. இது கையில் தடதடவென்று குலுக்கலாகத் தெரியும். பின் ஆக்ஸிலின் பல் விகிதம் நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், அதே வேகத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நாற்பதுக்கு மேல் சுற்றும். அது குலுக்கலாக இருக்காது, காலுக்கடியில் 'கிர்ர்' என்று ரீங்காரம் போலத் தெரியும். இந்த இரண்டையும் பிரித்து உணரப் பழகிவிட்டால் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அடுத்து, உதறுகிற வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிச் சில நொடி உருளவிடுங்கள். சாவியைத் தொடாதீர்கள்: இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங்கும் போகும், பிரேக்கும் கெட்டியாகிவிடும். உதறல் அப்படியே தொடர்ந்தால் இன்ஜின்மேல் பழியில்லை. சக்கரம், டயர், பேரிங் என்று உருளுகிற பொருள்களைப் பாருங்கள். நியூட்ரலில் அடங்கிவிட்டால் இன்ஜின் மவுண்டிங், இன்ஜின் சரியாக எரியாமல் திக்கித் திணறுவது, அல்லது இழுவையில் மட்டும் ஆட்டம் காட்டும் ஜாயிண்ட் ஏதாவது. நிற்கும்போதே, ஐட்லிங்கிலேயே நடுங்குகிற வண்டி இன்ஜின் வேலை. அதற்கும் கீழே வரும் படிகளுக்கும் சம்பந்தமில்லை.

படி 2: டயரும் ரிம்மும்

பாதி வண்டிகளின் கதை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். ரிம்மின் உள்பக்கம் சேறோ தாரோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ரிம் ஓரத்தில் ஒரு சிறிய செவ்வகம் மட்டும் அழுக்கில்லாமல் பளிச்சென்று இருந்தால், அங்கே இருந்த பேலன்ஸ் எடை விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது உள்ளங்கையால் டயரின் பட்டன்மேல் (சாலையைத் தொடும் பூவேலைப் பகுதி) தடவுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், அதனால் முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள். சுற்றிலும் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருக்கலாம், பேலன்சிங் கெட்டிருக்கலாம், ஏதோ ஒரு ஜாயிண்டில் ஆட்டம் இருக்கலாம். குறுக்கே உள்ளிருந்து வெளியே தடவினால் வழுவழுப்பு, வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல் என்று இருந்தால் அது டோ அலைன்மென்ட் கோளாறு, அதாவது சக்கரங்கள் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கின்றன. பக்கச் சுவரிலோ பட்டனிலோ புடைப்பு இருந்தால் உள்ளே நாரோ கம்பியோ விட்டுப்போயிருக்கும். அந்த டயரை இனி ஓட்டவே கூடாது. பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நிறைய இருக்கிறதே என்று பழைய பிக்கப்பில் பலர் டயரின் வயதைப் பார்ப்பதே இல்லை.

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கொஞ்சம் பொறுங்கள். தரையில் பதிந்திருந்த இடம் தட்டையாகியிருக்கும். பல டயர்கள் கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறியதும் சரியாகிவிடும்.

ரிம் கோணலா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு செங்கல்மேல் பென்சிலைக் கிடத்தி, அதன் நுனி ரிம் ஓரத்தை உரசியும் உரசாமலும் இருக்குமாறு வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். நுனிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி விரிந்து விரிந்து சுருங்கினால் கோணல். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் நான் அந்த ரிம்மை நம்பமாட்டேன். டயரின் பட்டனுக்கும் இதேபோல் வைத்துப் பாருங்கள்.

இன்னும் தெளியவில்லையா? முன்சக்கரம் இரண்டையும் பின்னால் மாற்றிப்போட்டு ஓட்டுங்கள். உதறல் ஸ்டீயரிங்கை விட்டுச் சீட்டுக்குப் போய்விட்டால் குற்றவாளி அந்தச் சக்கரங்களில்தான் இருக்கிறது.

படி 3: தூக்கி ஆட்டிப் பார்ப்பது

சமதரை, ஹேண்ட் பிரேக், பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, ஜாக்கியோடு கட்டாயம் ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.

ஸ்டாண்டை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம், புதிதாகப் பார்ப்பவர்கள் கோட்டைவிடும் இடமும் இதுதான். முன்சக்கரத்தைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் கைகள்தான் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால் ஸ்டாண்டும் கீழ் ஆர்முக்கடியில், சக்கரத்தை ஒட்டி இருக்கவேண்டும். சேஸிஸுக்கடியில் வைத்துவிட்டால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த பால் ஜாயிண்ட்கூட அப்போது இறுக்கமாக நடிக்கும். ஸ்பிரிங் மேல் ஆர்மில் இருக்கும் வண்டிக்கு நேர்மாறு, சேஸிஸில் வைக்கலாம். முன்னாலும் ஒரே உருட்டு ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) என்றால் ஆக்ஸிலுக்கடியில்.

சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்து 12-இலும் 6-இலும் கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் பேரிங், பால் ஜாயிண்ட், கிங் பின் (சில வண்டிகளில் பால் ஜாயிண்டுக்குப் பதிலாக இருக்கும் முளை) மூன்றில் ஒன்று. எது என்று பிரிக்க, ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். பிறகு டயருக்கடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். பால் ஜாயிண்ட் மேலும் கீழும் நகர்கிறதா என்று தெரிந்துவிடும்.

பேரிங்கில் சந்தேகம் இருந்தால் ஒரு கையைக் காயில் ஸ்பிரிங்கின்மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். காதுக்கு எட்டாத கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு எட்டும். பழைய வண்டிகளில் பல, நட்டை இறுக்கிச் சரிசெய்யும் டேப்பர் பேரிங் உள்ளவை. ஆட்டம் போகட்டும் என்று பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் பேரிங் சூடாகி எரிந்துவிடும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பின் தளர்த்தி, உங்கள் வண்டிக்கான கையேடு சொல்லும் அளவில் நிறுத்தி, நட்டு கழலாமல் பிடிக்கும் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.

ஸ்டீயரிங் இணைப்புகளை வண்டி தரையில் நிற்கும்போது பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. ஒருவர் ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாக இரண்டு விரல்கடை தூரம் மட்டும் ஆட்டட்டும். நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு ஜாயிண்டின்மேலும் விரலை வையுங்கள், பாதி ஒரு பாகத்தில், பாதி மறு பாகத்தில். இரண்டு பாகமும் சேர்ந்து நகர்ந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று முந்திக்கொண்டால் தோலில் சுருக்கென்று தெரியும். டை ராட் எண்டு, பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கை), ஐட்லர் ஆர்ம் (மறுபக்கம் கம்பியைத் தாங்கும் கை), ஸ்டீயரிங் பாக்ஸை சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகள் என்று வரிசையாகப் போங்கள்.

முன் ஆக்ஸில் உருட்டாக இருக்கும் வண்டியில் ஒரு குழியில் விழுந்ததும் முன்பக்கம் முழுவதும் வெறிபிடித்தது போல் ஆடி, வேகம் குறைத்தால்தான் நிற்கும் என்றால் டிராக் பார் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கும் கம்பி) புஷ்ஷையும் அதன் போல்ட்டையும் முதலில் பாருங்கள். புது ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் ஆட்டத்தைத் தணிக்கும் சிறு ஷாக் அப்சார்பர்) போட்டால் அந்த ஆட்டம் அடங்கியது போலத் தெரியும். உள்ளே தேய்ந்தது தேய்ந்தபடிதான் இருக்கும்.

படி 4: பிரேக்கில் மட்டும் உதறினால்

டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை, சுற்றிலும் தடிமன் ஏற்றத்தாழ்வாக ஆகிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசமே பெடலைத் துடிக்கவைக்கப் போதும். புது டிஸ்க் போடும்போது ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பாகம்) முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்துவிடுங்கள். அந்தத் துருவினால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, கொஞ்ச நாளில் பழைய கதை திரும்பும்.

பிரேக் போடாமலே உதறி, ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் காலிப்பர் (டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பாகம்) பிடித்துக்கொண்டிருக்கிறது. ரிம்மைத் தொடவேண்டாம், கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும்.

படி 5: மிச்சம் இருப்பவை

நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் ஹப் லாக்கை (முன்சக்கரத்தை முன் இழுவைத் தண்டோடு இணைக்கும் பூட்டு) திறந்துவைத்து ஒருமுறை, பூட்டிவைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பூட்டினால்தான் அதிர்வு என்றால் முன் ஷாஃப்டிலும் அதன் கிராஸ்களிலும் (மடங்கும் மூட்டுகள்) தேடுங்கள். வண்டி கிளம்பும்போது மட்டும் நடுங்கினால் இரண்டு துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங் ரப்பரைப் பாருங்கள். முன்பக்கம் என்று நினைத்துத் தேடியது நடுவில் இருந்திருக்கும்.

அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆட்டமுள்ள ஜாயிண்டை வைத்துக்கொண்டு அளவு பிடித்தால் அடுத்த குழியிலேயே அளவு மாறிவிடும். ஒரே நாளில் மூன்று பாகம் மாற்றாதீர்கள், ஒன்றை மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள்.