டிஷ் இல்லாமல் வீட்டுப் பெரியவர்களுக்கு டிவி அமைப்பது எப்படி?

முதலில் பார்க்க வேண்டியது டிவியை அல்ல, ரிமோட்டைத்தான். ரெண்டு ரிமோட் வந்தாலே குழப்பம்தான், எதை அழுத்தினால் எது அணையும் என்றே தெரியாது.

அவர்கள் பார்ப்பது செய்தியும் நாலைந்து சேனலும்தான், அதெல்லாம் ஆன்டெனாவிலேயே வருகிறது என்றால் அதுவே போதும். ஜன்னலோரம் வைத்து, டிவிக்குள்ளேயே டிஜிட்டல் டியூனர் (ஆன்டெனா சிக்னலைப் படமாக்கும் பகுதி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சேனல்களைத் தானே தேடிச் சேர்க்கும் ஆட்டோ ஸ்கேன் ஒருமுறை ஓட்டினால் வேலை முடிந்தது. இன்டர்நெட் போனாலும் படம் நிற்காது.

ஆன்டெனா எடுக்காத இடமா? சரி, இன்டர்நெட் வழிதான். டிவியில் செருகி இன்டர்நெட் வழியே படம் காட்டும் ஸ்டிக்கோ பெட்டியோ வாங்கினால், டிவி செட்டிங்கில் எச்டிஎம்ஐ சிஇசி-யை (ஒரே ரிமோட்டில் இரண்டையும் இயக்கவிடும் வசதி) ஆன் செய்யுங்கள், ஸ்டிக் ரிமோட்டே டிவியையும் போட்டு அணைக்கும். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் அளவு வேகம் விடாமல் கிடைக்க வேண்டும். ரவுட்டர் தூரத்து அறையில் என்றால் வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி நன்றாக வரும்.

அப்புறம், முகப்பில் அவர்களுக்கு வேண்டிய ரெண்டு மூணு ஆப்பை மட்டும் முன்னால் வையுங்கள். பணம் கட்டும் இடத்துக்கு ரகசிய எண் (PIN) போட மறக்க வேண்டாம், தெரியாமல் அழுத்தி வாங்கிவிடுவார்கள். காது கொஞ்சம் மந்தமென்றால் சப்டைட்டிலையும் அப்போதே ஆன் செய்துவிடுங்கள்.