பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கப் போகிறீர்களா? டர்போ வண்டியைச் சோதித்துப் பார்க்கும் முறை

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 2004-இல் இந்தியாவுக்கு வந்தது. 1781 சிசி பெட்ரோல் எஞ்சின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), 150 பிஎஸ் சக்தி, ஐந்து கியர். 1750 சுற்றிலேயே 210 நியூட்டன் மீட்டர் இழுவை வந்துவிடும். டர்போ பெட்ரோல் கார் இங்கே அபூர்வமாக இருந்த காலத்து வண்டி என்பதால் இன்றும் தேடி வாங்குகிறார்கள். புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒன்று விற்பனைக்கு வந்தால் எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறோம். ஃபியட் லினியா டி-ஜெட் மாதிரி வேறு பழைய டர்போ வண்டிக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "டர்போ நல்லா இருக்கா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "என்ன ஆயில் ஊத்துனீங்க, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துனீங்க?" டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். சாதா மினரல் ஆயிலை ஊற்றி 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் டர்போ சூட்டில் ஆயில் கருகிக் கசடாகும். அந்தக் கசடு எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள சல்லடையை அடைக்கும். அதன் பிறகு டர்போவும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் சேர்ந்தே தேயும். இந்த எஞ்சினுக்கு வேண்டியது ஃபோக்ஸ்வேகன் 502.00 தரத்தில் 5டபிள்யூ-40 சிந்தெடிக். பில்லில் அது எழுதியிருந்தால் பாதி நிம்மதி. பில்லே இல்லை என்றால் கீழே உள்ள சோதனைகள் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

டார்ச், சின்னக் கண்ணாடி, துணி சுற்றிய காந்தம், வெள்ளை டிஷ்யூ பேப்பர், ரப்பர் கையுறை, டயர் காற்று மானி, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர். ஃபோக்ஸ்வேகன் குடும்பத்து வண்டிகளுக்கான விசிடிஎஸ் என்ற சோதனை மென்பொருள் வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் அவரையே அழைத்துப் போவது நல்லது.

படி 1: காகிதம்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே வாகன எண்ணைப் பரிவாஹன் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஆர்சி காலாவதி, இன்சூரன்ஸ், கடன் பதிவு, எத்தனையாவது ஓனர் எல்லாம் தெரியும். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டுதான். அதன் பிறகு எஃப்சி காட்டிப் புதுப்பித்தாக வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 5000 ரூபாய் ஆனது. உங்கள் வண்டியின் வயதுக்கு இப்போது எவ்வளவு என்பதைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்காத வண்டி என்றால் விற்பவரே புதுப்பித்துத் தரட்டும். "நீங்க எடுத்துப் பண்ணிக்கோங்க" என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிஒய்-01 எண் வண்டியைக் கடலூர்க்காரர் வாங்கினால் கூடுதல் வேலை உண்டு. புதுச்சேரி ஆர்டிஓவில் படிவம் 28-இல் என்ஓசி வாங்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். அதன் பிறகு தமிழ்நாட்டு வரி கட்டி டிஎன்-31 எண் எடுக்க வேண்டும். வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. புதுச்சேரியில் வரி குறைவு என்பதற்காகவே அங்கே பதிவான வண்டிகள் நிறைய. ஆர்சியில் உள்ள முகவரியில் ஓனர் நிஜமாகவே இருக்கிறாரா என்று பாருங்கள், இல்லாவிட்டால் என்ஓசியிலேயே இழுபறி தொடங்கிவிடும். கடன் பதிவு இருந்தால் பாங்க் கடிதமும் அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே முன்பணம்.

படி 2: ஆறிய வண்டி

காலையில் போங்கள். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடலாம்.

ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே தேன் நிறமோ பழுப்போ இருந்தால் சரி. தார் மாதிரி கறுப்புப் படிவு விரலில் வழித்தெடுக்கும் அளவுக்கு இருந்தால் சல்லடையும் அடைத்திருக்கும் என்றே கணக்கு வையுங்கள். மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் நுரை தெரிந்தால் ஆயிலில் தண்ணீர். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் கொஞ்சம் வரலாம், டிப்ஸ்டிக்கிலும் அதே நுரை இருந்தால் எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். டிப்ஸ்டிக் ஆயிலை டிஷ்யூவில் ஒரு சொட்டு விடுங்கள், உலோகத் தூள் மின்னினால் அந்த வண்டி வேண்டாம்.

கூலன்ட் டப்பாவில் இளஞ்சிவப்போ ஊதாவோ இருக்க வேண்டும். பச்சையைக் கலந்தாலோ வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டினாலோ துருச்சேறு சேரும். மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்றும் பாருங்கள்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும், வால்வு வளைந்து ஹெட் கழற்ற வேண்டியதாகும். பெல்ட் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை, வயதாலும் கெடும். ஓடாமல் நின்ற வண்டிதான் இதில் ஏமாற்றும். "20,000-தான் ஓடியிருக்கு" என்பார்கள், ரப்பர் பத்து வருடப் பழசாக இருக்கும். மாற்றியதற்குத் தேதியோடு பில் வேண்டும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் ஒன்றாக மாற்றியிருக்க வேண்டும். பழைய பம்புகளில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விசிறி தண்டிலிருந்து கழன்று சும்மா சுற்றும், அதனால் எஞ்சின் திடீரென்று கொதிக்கும். பில் இல்லையா? மூன்றின் விலையையும் கூலியையும் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ரப்பர் ஹோஸ்கள். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கும், டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினின் காற்று வாசலான த்ராட்டிலுக்கும் போகும் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு, பஞ்சு மாதிரி இளகல், தளர்ந்த கிளிப் எதுவும் கூடாது. இன்டர்கூலர் முன் வலது சக்கர வளைவுக்குள், பம்பருக்குப் பின்னால் இருக்கும். அதன் ஹோஸில் லேசான எண்ணெய் ஈரம் சகஜம். கழற்றினால் எண்ணெய் ஊற்றுகிறது என்றால் டர்போ சீல் போயிருக்கலாம், அல்லது எஞ்சின் ஆவியை வெளியேற்றும் பிசிவி குழாய் அடைத்திருக்கலாம். பிந்தையது மிக மலிவான வேலை. எது என்று தெரியாமல் டர்போவுக்குப் பழி போடாதீர்கள்.

ஆக்சிலேட்டரை விட்டதும் டர்போவின் மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிடுவது டைவர்டர் வால்வு. அதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். அதன் மெல்லிய வாக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு, வால்வைக் கையில் எடுத்து, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தள்ளி, குழாய் வாயை இன்னொரு விரலால் அடையுங்கள். பிஸ்டன் தள்ளிய இடத்திலேயே நின்றால் உள் ரப்பர் நன்றாக இருக்கிறது. உடனே துள்ளி வந்தால் கிழிந்திருக்கிறது, பிக்கப் குறைவதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

டர்போவைக் கையால் ஆட்டிப் பார்ப்பது இந்த வண்டியில் எளிதல்ல. அது எஞ்சினுக்கும், கேபினைப் பிரிக்கும் தகடான ஃபயர்வாலுக்கும் நடுவில் பின்பக்கம் ஒளிந்திருக்கும். மெக்கானிக் ஹோஸைக் கழற்றித் தந்தால் தண்டின் முனையைப் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இருக்கும், ஆயில் படலம் இல்லாதபோது அது இயல்பு. உள்ளே வெளியே என்று நீளவாக்கில் ஆடக் கூடாது. இறக்கைகளின் விளிம்பு கூட்டை உரசிய தடம் இருந்தால் டர்போ மாற்றும் செலவு உங்கள் தலையில்.

படி 3: ஸ்டார்ட்

சைலன்சர் பின்னால் ஒருவரை நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு ஓரிரு வினாடியில் அணைய வேண்டும். வால்வுகளைத் தள்ளும் லிஃப்டர்கள் சில வினாடி டிக்டிக் என்றால் பரவாயில்லை, நிமிடக் கணக்கில் நீடித்தால் ஆயில் அழுத்தம் குறைவு.

புகை நிறம் சொல்லும். ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நீலப் பொட்டு வந்து மறைந்தால் வால்வு சீல். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, சட்டென்று ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது நீல மேகம் வந்தால் டர்போ சீலைச் சந்தேகியுங்கள். வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாசத்தோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், டர்போவுக்குப் பின்னால் காற்று ஒழுகலாம்.

இப்போது எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறங்கள். சுற்று லேசாகத் தடுமாற வேண்டும். அசையவே இல்லையென்றால் வாக்குவம் குழாய்களில் எங்கோ ஏற்கெனவே ஓட்டை. காற்று குபுகுபுவென்று மேலே தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்தச் சந்தேகம் வந்தால் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் 7 பாருக்குக் கீழே போகக் கூடாது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் 3 பாரைத் தாண்டக் கூடாது.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

புதுச்சேரி மிஷன் வீதி நெரிசலில் சுற்றிக்காட்டி முடிப்பது விற்பவருக்கு வசதி. உங்களுக்கு வேண்டியது திண்டிவனம் சாலை. எஞ்சின் 90 டிகிரி தொட்ட பிறகு, மொரட்டாண்டி சுங்கச்சாவடி தாண்டி, சாலை காலியாக இருக்கும் இடத்தில் மூன்றாம் கியரில் 2000 சுற்றிலிருந்து 4500 வரை முழு ஆக்சிலேட்டர். இந்த வண்டியில் அது சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் முடிந்துவிடும். இழுவை ஒரே சீராகக் கூட வேண்டும். நடுவில் வெட்டி வெட்டி ஓடி, எஞ்சின் விளக்கு மினுக்கினால் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், இந்த எஞ்சினின் பழைய நோய் இது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு காயில், பழுதானதை மாற்றினால் தீரும். புஸ்ஸென்ற சத்தத்தோடு மந்தமாக இருந்தால் ஹோஸ் ஒழுகல். ஆம்புலன்ஸ் மாதிரி கூவினால் டர்போ பேரிங்.

பிறகு நான்காம் கியரில் 50 வேகத்தில் முழுதாக மிதியுங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ரீமேப் செய்த, அதாவது சக்தியைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிய வண்டிகளில் இது சகஜம். ஆர்எஸ் பெரும்பாலும் ரீமேப் ஆசைக்காரர்கள் கையில் இருந்த வண்டி. யார் செய்தது, பழைய மேப் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்.

திரும்பி வந்ததும் உடனே அணைக்காதீர்கள். ஏசி போட்டு 15 நிமிடம் ஐடிலில் விடுங்கள். நமது ஊர் வெயிலில் இதுவே கடைசித் தேர்வு. முள் 90-இல் அசையாமல் நிற்க வேண்டும், ஃபேன்கள் ஓட வேண்டும். சூடான ஐடிலில் ஆயில் எச்சரிக்கை வந்தால், விற்பவர் "சென்சார்தான் சார்" என்பார். சென்சாராகவும் இருக்கலாம். அதைக் கழற்றி ஆயில் அழுத்த மானி மாட்டி, 2000 சுற்றில் வொர்க்ஷாப் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாவிட்டால் மட்டும் நம்புங்கள்.

படி 5: ஸ்கேனர்

பிழை எண் ஒன்றுமே இல்லை என்றால் சந்தோஷப்படும் முன், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தைப் பாருங்கள். சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் உங்களுக்காக நேற்றுதான் பிழைகளை அழித்திருக்கலாம். பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியாதது), பி0171 பெட்ரோல் குறைந்த கலவை, பெரும்பாலும் காற்றொழுகல், பி1297 டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே அழுத்தம் குறைவு.

படி 6: உப்பும் வெள்ளமும்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்தை மூழ்கடித்தது. அந்த நாட்களில் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள், பதிலோடு நிறுத்தாமல் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி குழியில் மணல், சீட் தண்டவாளத்தில் துரு, கம்பளத்தைத் தூக்கினால் புளித்த வாடை, எல்லாம் அதே கதை.

இந்த வண்டிக்கென்று ஒரு இடம் இருக்கிறது. வைப்பருக்கு அடியில் உள்ள பள்ளத்தில்தான் ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் இருக்கிறது. மரத்தடியில் நிறுத்திய வண்டியில் வேப்பிலை விழுந்து வடிகால் துளை அடைத்தால் மழைநீர் தேங்கி ஈசியூவுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் போகும். மூடியைத் தூக்கித் துளையைப் பாருங்கள்.

கடற்கரைச் சாலையிலும் இசிஆர் ஓரத்திலும் நின்ற வண்டிக்கு உப்புக் காற்று கீழிருந்து தின்னும். ரேம்ப்பில் ஏற்றி, பிரேக் பைப், ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டு, எர்த் வயர் முனைகள், ஏசி கன்டென்சர், முன் ஃபெண்டரின் கீழ் மூலை ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது.

படி 7: விலை பேசுவது

ஆயிலில் உலோகத் தூள், ஹெட் கேஸ்கெட், சேற்றுக் கோடு, சேஸிஸ் துரு, தீராத கடன் பதிவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம். காயில், ஹோஸ், டைவர்டர் வால்வு, கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், பெல்ட் எல்லாம் பேரத்துக்குரியவை. பாகங்களின் விலையை உதிரிபாகக் கடையில் முன்பே விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தின் வேறு மாடல்களோடு பல பாகம் ஒன்றே என்பதால், பாக எண்ணைச் சொல்லித் தேடினால் ஆக்டேவியா பெயரில் கிடைக்காததும் கிடைக்கும்.

வாங்கிய வாரத்திலேயே சம்ப்பை இறக்கிச் சல்லடையைக் கழுவச் சொல்லுங்கள். புது ஆயில், ஃபில்டர், பிளக் போடுங்கள், பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். அந்த முதல் ஆயிலை 3000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். பழைய கசடைக் கரைத்துக்கொண்டு வருவது அதுதான். பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடலாம். பங்கில் இப்போது ஊற்றுவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), பழைய குழாய்கள் அதற்காகச் செய்தவை அல்ல.