விராலுக்குத் தூண்டில் போடேக்க கனபேர் விடுற பிழையள்

விரால் பிடிக்கப் போறன் எண்டு விடிய வெளிக்கிட்டு, மத்தியானம் ரெண்டு கெளுத்தியோட வாற பெடியளை எங்கட பக்கம் நிறையப் பாத்திருக்கிறன். முதல் பிழை மண்புழுதான். புழுவுக்கு விரால் வராது எண்டில்ல, குட்டி விரால் வரும், ஆனா அதுக்கு முதல் திலாப்பியாவும் கெளுத்தியும் வந்து கொறிச்சு முடிச்சிடும். நல்ல விரால் வேணுமெண்டா சின்னத் தவளை, இல்லாட்டி விரல் நீளத்தில துடிக்கிற மீன்குஞ்சு. தேரையைப் பிடிச்சுக் கொழுவாதேங்கோ, அதின்ர தோலில நஞ்சு இருக்கு.

அடுத்தது எறியிற இடம். இரணைமடு, முத்தையன்கட்டு மாதிரிப் பெரிய குளத்தைக் கண்டவுடன நடுவுக்கு எறியோணும் எண்டு நினைக்கினம். விரால் ஓடித் திரிஞ்சு துரத்துற மீன் இல்ல, பதுங்கியிருந்து பாயிற மீன். அல்லி இலைக்குக் கீழ, கோரை ஓரம், வயல் வாய்க்கால் வந்து குளத்தோட சேருற மூலை, இதுகளிலதான் கிடக்கும். கண்டுபிடிக்கிறது கஷ்டமும் இல்ல, ஏனெண்டா விரால் தண்ணியை மட்டும் நம்பி உயிர் வாழ ஏலாது, இடைக்கிட மேல வந்து காத்து எடுத்தே ஆகோணும், அப்ப "பளக்" எண்டு ஒரு சத்தம் கேக்கும், சின்ன வளையம் ஒண்டு விரியும். போன உடன தூண்டிலை எறியாமல் கொஞ்ச நேரம் குளக்கட்டில சும்மா குந்தியிருந்து அதைப் பாருங்கோ. பிறகு அந்த வளையத்துக்கு மேல போடாமல் அதைத் தாண்டிப் போட்டு, மெல்ல மெல்ல இலைக்கு மேலால இழுத்துக் கொண்டு வாங்கோ. தலையில விழுந்தா அது அடியோட போயிடும். கரையில தொம் தொம் எண்டு நடக்கிறதும், வெயிலில நிழல் தண்ணியில விழ நிக்கிறதும் அதே வேலையைத்தான் செய்யும்.

ஆனா எல்லாத்திலயும் கூட மீன் போறது அவசரத்திலதான். தண்ணி வெடிச்ச மாதிரி அடிக்கும், நெஞ்சு திக்கெண்டும், கை தன்பாட்டில சுண்டும், தவளை மட்டும் வெறுமையாத் திரும்பி வரும். உயிர் இரையெண்டா அது வாயில கவ்விக்கொண்டு கொஞ்சத்தூரம் போய்த்தான் விழுங்கும், தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) இழுபட்டுப் போகட்டும், விடுங்கோ, பிறகு இழுங்கோ. ரப்பர் தவளையெண்டா அவ்வளவு நேரம் பொறுக்க ஏலாது, பாரம் கையில தெரியிற வரைக்கும்தான். கொழுவினாப் பிறகு விளையாட விடக் கூடாது, ஒரு தரம் கோரைக்குள்ள சுத்திச்சுதெண்டா முடிஞ்சுது, அதுக்குத்தான் தடிச்ச தங்கூசி போடச் சொல்லுறது. சிக்கினா அறுத்து விடுங்கோ, எடுக்கிறனெண்டு இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்காதேங்கோ, எங்கட குளங்களில முதலை இருக்கு. பிடிச்ச மீனை வாளியில போட்டா மூடி வையுங்கோ, பாய்ஞ்சு புல்லுக்குள்ளால ஊர்ந்து தண்ணிக்கே போயிடும்.

கடைசியா ஒண்டு, இதைக் கட்டாயம் கேளுங்கோ. தண்ணிக்கு மேல செம்மஞ்சள் நிறத்தில குஞ்சுக்கூட்டம் மழைத்துளி விழுற மாதிரிப் பொட்டுப் பொட்டெண்டு கொதிக்கும், கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அந்த நேரம் என்னத்தைப் போட்டாலும் அடிக்கும், பசியில இல்ல, குஞ்சைக் காக்க. நான் சின்னனில அப்பிடி ஒரு பெரிய விராலைத் தூக்கிக்கொண்டு வந்தன், வீட்டில எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த நாள் விடிய அதே அல்லி ஓரத்தில போய்ப் பாத்தா, கூட்டம் இருந்த இடத்தில நாலைஞ்சு குஞ்சுதான் தனித்தனியா மேல வந்து போச்சு, மற்றதையெல்லாம் வேற மீன் திண்டிருக்கோணும். அண்டையில இருந்து செம்மஞ்சள் கூட்டத்தைக் கண்டா நான் தூண்டிலைச் சுத்திக்கொண்டு அடுத்த மூலைக்குப் போயிடுவன். குஞ்சுகள் கறுத்துப் பிரிஞ்சு போனாப் பிறகு அந்தப் பெரிய மீன் அதே ஓரத்திலதான் கிடக்கும், அப்ப வாங்கோ.