மூளைக்காய வார்டின் எண்களைப் பிற வார்டுகளோடு ஒப்பிட்டுச் சிகிச்சையைத் திருத்தும் முறை

தலையில் அடிபட்டு வந்தவர் 40 நாள் மறுவாழ்வு சிகிச்சைக்குப் பிறகு தானே குளித்து, சட்டை மாட்டி, நடந்து வீட்டுக்குப் போகிறார். இது நல்ல பலனா, இன்னும் சீக்கிரம் வந்திருக்க வேண்டிய பலனா? ஒரு வார்டு தன் பதிவேட்டை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பல வார்டுகள் ஒரே அளவுகோலில் அளந்து, எண்களை ஓரிடத்தில் சேர்த்தால் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் 2002இல் தொடங்கி, வொலங்காங் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஏராக் (AROC) என்ற மறுவாழ்வுப் பலன் மையம் இதைத்தான் செய்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மறுவாழ்வுப் பிரிவுகளின் தரவைத் திரட்டி, ஒவ்வொரு பிரிவும் தன்னை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி அறிக்கை தருகிறது. கீழே வருவது பெரும்பாலும் அந்த முறையை ஒட்டியது.

அடிப்படை அளவுகோல் ஃபிம் (FIM): அன்றாடச் செயல்களில் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அளப்பது. மொத்தம் 18 செயல்கள்: சாப்பிடுவது, குளிப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படியேறுவது போன்ற உடல்சார்ந்தவை 13, புரிந்துகொள்வது, சொல்வது, பிறரோடு பழகுவது, சிக்கலைத் தீர்ப்பது, நினைவு என அறிவுசார்ந்தவை 5. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். முழு உதவி வேண்டுமென்றால் 1, யார் உதவியும், துணைக் கருவியும் இல்லாமல் பாதுகாப்பாகச் செய்தால் 7. ஆக மொத்தம் 18க்கும் 126க்கும் இடையில் வரும். சேர்ந்த 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை போட வேண்டும்.

பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நுழைகின்றன. நோயாளியால் என்ன செய்ய முடியும் என்று பார்த்து மதிப்பெண் போடக் கூடாது. அவர் அன்றாடம் உண்மையில் செய்வதற்குத்தான் மதிப்பெண். பிசியோதெரபி அறையில் தானே எழுந்து நிற்பவரை இரவில் நர்ஸ் தாங்கிப் பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போகிறார் என்றால், குறைந்த மதிப்பெண்தான் கணக்கு. அதனால் இரவுப் பணி நர்ஸைக் கேட்காமல் போட்ட மதிப்பெண்ணை நம்பாதீர்கள். அம்மாவோ மனைவியோ பாசத்தோடு ஊட்டிவிடும் வார்டில் இன்னொரு சிக்கல் வரும்: கை நன்றாக இருந்தும் சாப்பிடுவதற்கு 1 விழும். விதிப்படி அது சரிதான். ஆனால் அந்த எண் கையின் நிலையைவிட வார்டின் பழக்கத்தைத்தான் காட்டுகிறது என்பதைக் குழு தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து நிரப்புவது இதையெல்லாம்விட மோசம். முதல் வாரத்தில் வந்த முன்னேற்றம் சேர்க்கை மதிப்பெண்ணிலேயே கலந்துவிடும். வார்டு உண்மையில் தந்த பலன் கணக்கில் காணாமல் போகும்.

மதிப்பெண் போடுபவர்கள் முறையான பயிற்சி முடித்து, குறித்த கால இடைவெளியில் தேர்வும் எழுத வேண்டும். அத்தோடு மாதம் ஒருமுறை இரண்டு பேர் தனித்தனியாக ஒரே நோயாளிக்கு மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தச் செயலில் இரண்டு புள்ளிக்கு மேல் விலகுகிறதோ, அதன் விதியை அன்றைக்கே உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுங்கள்.

கணக்கு எளிது. சேரும்போது 58, கிளம்பும்போது 94, தங்கியது 30 நாள் என்றால் முன்னேற்றம் 36, நாளுக்கு 1.2. இந்த நாள்வீதத்தைத்தான் திறன் என்கிறார்கள். உடல், அறிவு இரண்டையும் தனித்தனியாகவும் கணக்கிடுங்கள். மூளைக்காயத்தில் பல நேரம் கால் தேறிவிடும், நினைவு தேறாது. மொத்த எண் அதை மறைத்துவிடும்.

இனி ஒப்பீடு. விபத்தில் வந்த காயத்தையும், மூச்சுத்திணறலாலோ தொற்றாலோ வந்த பாதிப்பையும் ஒரே கூடையில் போடாதீர்கள். சேர்க்கை மதிப்பெண், வயது, காயத்துக்கும் சேர்க்கைக்கும் இடையிலான நாட்கள் ஆகியவை ஒத்திருப்பவர்களைத்தான் ஒப்பிட வேண்டும். விபத்துக் காயத்தில் மறதி நிலை, அதாவது காயத்துக்குப் பின் குழம்பி, புதிதாக எதுவும் நினைவில் பதியாத நிலை, எத்தனை நாள் நீடித்தது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். இதை அளக்கத் தினமும் 12 கேள்வி கேட்கும் வெஸ்ட்மீட் அளவுகோலில் தொடர்ந்து மூன்று நாள் 12க்கு 12 வாங்கினால் அந்த நிலை முடிந்ததாகக் கொள்வார்கள். காயத்தின் கடுமையைச் சொல்வதில் இதற்கு இணையான தகவல் குறைவு. நடுவில் காய்ச்சலோ வலிப்போ வந்து வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, சிகிச்சை முடியாமல் போனவர்களைத் தனியாக எண்ணுங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவர்கள் எண்ணிக்கை கூடுவதே ஒரு எச்சரிக்கை. தங்கிய நாட்களுக்குச் சராசரியை விட இடைநிலை எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) நல்லது. 200 நாள் தங்கிய ஒருவர் சிறிய வார்டின் சராசரியையே புரட்டிப் போட்டுவிடுவார்.

அறிக்கையில் உங்கள் வார்டு பின்தங்கியிருந்தால், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் காரணத்தைத் தோண்டுங்கள். முன்னேற்றம் மற்றவர்களைப் போலவே இருந்து, நாட்கள் மட்டும் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை மெதுவாக நடக்கிறதா, சிகிச்சை முடிந்தும் வீடு தயாராகாமல் காத்திருக்கிறார்களா? இதைப் பிரித்துக் காட்ட ஒரே ஒரு தேதி போதும்: மருத்துவ ரீதியாக வீட்டுக்குப் போகத் தயாரான நாள். தயாரான பின் கழிந்த நாட்களுக்கான காரணத்தையும் எழுதுங்கள்: சக்கர நாற்காலி வரவில்லை, கழிப்பறை மாற்றி அமைக்கவில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை. கோளாறு அங்கே என்றால் பயிற்சி நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. வீட்டைப் பார்க்கப் போவதைக் கடைசி வாரத்திலிருந்து இரண்டாம் வாரத்துக்கு நகர்த்துங்கள்.

நாட்கள் சரியாக இருந்து முன்னேற்றம் குறைவு என்றால், 18 செயல்களையும் ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். குளியலும் உடை மாற்றுவதும் மட்டும் பின்தங்கினால், காலை நேரத்தில் அவசரமாக நர்ஸே எல்லாவற்றையும் செய்து முடிக்கிறாரா என்று கவனியுங்கள். அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைக் காலை 7 மணிக்கே வார்டுக்கு வரச் செய்து, உண்மையான குளியலிலேயே பயிற்சி கொடுப்பது இதற்கு நேரடி வழி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். மூன்றை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மாற்றத்துக்குப் பிறகு, டிஸ்சார்ஜ் ஆகும் வரிசையில் ஒவ்வொருவரின் எண்ணையும் வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். பழைய இடைநிலைக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் தொடர்ந்து ஆறு புள்ளி விழுந்தால் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு மோசமான காலாண்டுக்கு அடுத்தது பெரும்பாலும் தானாகவே சற்றுத் தேறும். அதை வெற்றியென்று அறிவிக்கும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஃபிம் காட்டாதவையும் உண்டு. 120 வாங்கி வீட்டுக்குப் போனவர் கோபத்தை அடக்க முடியாமல் வேலையை இழக்கலாம். பணக் கணக்குப் பார்க்கத் திணறலாம். குடும்பத்தை வாட்டுவது பெரும்பாலும் இவைதான். ஆகவே மேயோ-போர்ட்லண்ட் அளவுகோலையும் சேருங்கள். திறமைகள், மனநிலை, சமூகப் பங்கேற்பு குறித்த 29 கேள்விகள். ஒவ்வொன்றும் 0 முதல் 4. குறைந்த எண் நல்லது. நோயாளி, குடும்பத்தார், சிகிச்சையாளர் மூவரும் தனித்தனியாக நிரப்பலாம். நோயாளி எல்லாம் சரி என்றும் மனைவி எதுவும் சரியில்லை என்றும் எழுதினால், தன் குறையைத் தானே உணராத நிலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய மூளைக்காய மாதிரி மையங்களின் திட்டம் காயத்துக்குப் பின் 1, 2, 5 ஆண்டுகளிலும், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் விசாரிக்கிறது. உங்களால் ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும் தொலைபேசியில் கேட்க முடிந்தால்கூட நல்லது. டிஸ்சார்ஜ் அன்றே இரண்டு உறவினர்களின் எண்களை ஒப்புதலோடு வாங்கி வையுங்கள். அழைப்பு எடுக்காதவர்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். நன்றாக இருப்பவர்கள் மட்டும் பேசினால் முடிவு பொய்யாகிவிடும்.

இப்படியொரு மையத்தில் சேராத மருத்துவமனைகள் இரண்டு மூன்று கூடினாலே தொடங்கலாம். ஃபிம்முக்கு உரிமம் வேண்டும். அது இல்லையென்றால், 10 செயல்களுக்கும் சேர்த்து மொத்தம் 0 முதல் 100 வரை போடும் பார்தெல் அளவுகோலோடு ஆரம்பித்துக்கொள்ளுங்கள். வயது, காரணம், காயத் தேதி, சேர்ந்த தேதி, தயாரான தேதி, கிளம்பிய தேதி, இரண்டு மதிப்பெண்கள், போன இடம்: இந்த ஒன்பது கட்டங்களுக்கும் ஒவ்வொரு சொல்லின் பொருளையும் ஒரே பக்கத்தில் எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். பெயர், முகவரி, மருத்துவமனை எண் எதுவும் பகிரும் கோப்பில் இருக்கக் கூடாது. யார் எந்த வரிசை எண் என்ற பட்டியல் அந்தந்த மருத்துவமனையிலேயே பூட்டி இருக்கட்டும்.