ஸ்மார்ட் மீட்டர் சந்தை: கணக்கு எங்கே தவறுகிறது?

ரீடிங்கைத் தானாகவே அனுப்பிவிடும் மின் மீட்டர்தான் ஸ்மார்ட் மீட்டர். "ஸ்மார்ட் மீட்டர் சந்தை பல மடங்கு வளரப்போகிறது" என்று ஒரு செய்தி வந்தால் போதும். மீட்டர் கம்பெனிப் பங்கை வாங்கலாமா, மீட்டர் மாட்டும் சப்-கான்ட்ராக்ட் எடுக்கலாமா, ஐ.டி.ஐ. முடித்த பையனை அந்த வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் இதைச் செல்போன் விற்பனை மாதிரி நினைத்துக் கணக்குப் போட்டால் கையைச் சுட்டுவிடும்.

பெரிய தவறு, இந்த மீட்டரை வாங்குவது வீட்டுக்காரர் என்று நினைப்பது. யாரும் கடையில் போய் ஸ்மார்ட் மீட்டர் கேட்பதில்லை. வாங்குவது மின் விநியோக நிறுவனம், வாங்கச் சொல்வது அரசு. மின் விநியோகத்தைச் சீரமைக்க 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஆர்.டி.எஸ்.எஸ். திட்டம் 25 கோடி ப்ரீபெய்ட் ஸ்மார்ட் மீட்டர் என்று இலக்கு வைத்தது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மீட்டர் செலவில் 15 சதவீதம், அதிகபட்சம் 900 ரூபாய் மானியம். இந்தியாவில் இன்று பேசப்படும் தேவையில் பெரும்பகுதி இந்த ஒரு திட்டத்தில் பிறந்தது. ஆகவே, அரசின் முடிவு மாறினால் தேவையும் மாறிவிடும். தமிழ்நாட்டில் சென்னை உள்ளிட்ட எட்டு மாவட்டங்களுக்கு 82 லட்சம் மீட்டர் வாங்கவிருந்த டெண்டர், கம்பெனி கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது. அதே ஆண்டு ஜூனில் மகாராஷ்டிர அரசு, சாதாரண வீட்டு இணைப்புகளுக்கு ப்ரீபெய்ட் மீட்டர் கிடையாது என்று அறிவித்தது.

அடுத்து, எந்த எண்ணைப் படிக்கிறோம் என்று பார்க்காமல் விடுவது. ஒப்புதல் தந்தது, ஆர்டர் கொடுத்தது, சுவரில் மாட்டியது, மாட்டியதில் ஒழுங்காகத் தகவல் அனுப்புவது என்று நாலு கணக்கு உண்டு. நாலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். 25 கோடி என்பது 2025 மார்ச்சுக்குள் முடிக்கவேண்டிய இலக்கு. அந்தத் தேதி வந்தபோது ஐந்தில் ஒரு பங்குகூட முடியவில்லை. செய்திகளில் மட்டும் 25 கோடி என்ற எண்ணே சுற்றிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால், கடைசிக் கணக்கைத்தான் முதலில் தேடவேண்டும். தகவல் அனுப்பாத ஸ்மார்ட் மீட்டர் வெறும் டிஜிட்டல் மீட்டர்தான்.

பணம் வரும் விதத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்டர் மதிப்பு பல ஆயிரம் கோடி என்றால் அந்த ஆண்டே அவ்வளவும் கைக்கு வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். இங்கே பரவலாக இருக்கும் டோடெக்ஸ் முறையில், கம்பெனி தன் பணத்தைப் போட்டு மீட்டரை மாட்டி, தகவல் தொடர்பையும் பராமரித்து, மீட்டருக்கு மாதம் இவ்வளவு என்று பல ஆண்டுகளாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதுவும் மீட்டர் வேலை செய்தால்தான். சப்-கான்ட்ராக்ட் எடுக்கிறவர் இதை நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். மேலே பணம் தவணையாக வந்தால் கீழேயும் அப்படித்தான் வரும்.

வளர்ச்சியை நேர்கோடாக நீட்டுவதும் சரியில்லை. இத்தாலியைப் பாருங்கள். அங்கே எனெல் என்ற மின் நிறுவனம் 2001-ல் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய 3 கோடி மீட்டர்களை மாற்றியது. அதன்பின் அந்த அளவுக்குப் பெரிய மாற்று வேலை இல்லை. இரண்டாம் தலைமுறை மீட்டர் வந்தது 2017-ல்தான். எல்லா வீட்டிலும் மாட்டி முடித்தபின் பழசு தேயும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். தண்ணீர், கேஸ் மீட்டர்களையும் இதே கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை பேட்டரியில் ஓடுபவை, வாங்குபவர்களும் வேறு.

கடைசியாக, வீட்டுக்காரர் வாங்குவதில்லை என்பதால் அவரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது. திட்டம் தடுக்கி விழுவது அவர் வாசலில்தான். 2024 மே மாதம் குஜராத்தின் வடோதராவில், ரீசார்ஜ் பணம் வேகமாகக் கரைகிறது என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. சக்கரம் சுற்றும் பழைய மீட்டர், ஒரு சின்ன பல்பும் செட்-டாப் பாக்ஸும் இழுக்கும் கரண்டைச் சரியாகப் பதியாமல் போகலாம். எலக்ட்ரானிக் மீட்டர் அதையும் எண்ணும். மீட்டர் வேகமாக ஓடுகிறதா, இதுவரை எண்ணாததை இப்போது எண்ணுகிறதா என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பாதிப் பதிலை நீங்களே பார்த்துவிடலாம். மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 என்று போட்டிருந்தால், 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு 1000 வாட் ஹீட்டரை மட்டும் போடுங்கள். ஒரு நிமிடத்துக்கு 53 தடவைக்குப் பக்கத்தில் மினுக்கவேண்டும். வோல்டேஜைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், பரவாயில்லை. எண்பது, தொண்ணூறு என்று போனால் எழுத்தில் புகார் கொடுங்கள். 2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புகார் வந்த ஐந்து நாளுக்குள் சரிபார்க்கும் மீட்டர் ஒன்றைக் கூடவே மாட்டி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இதில் ஆதாயமும் உண்டு. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறிவிடும். ரீடிங் எடுக்க வருபவர் பத்து நாள் தள்ளி வந்தால், 460-ல் நின்றிருக்கவேண்டிய கணக்கு 530 ஆகிவிடுகிறது. ஸ்மார்ட் மீட்டரில் குறித்த தேதியில் ரீடிங் தானாகப் போய்விடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே மீட்டரைக் கேட்டு வாங்குகிற வீடுகள் இங்கே இருக்கும். அதை யாரும் அவர்களிடம் போய்ச் சொல்வதில்லை.