படம் பார்த்துட்டு பொன்னியின் செல்வன் படிக்கப் போறீங்களா?

படத்துலதான் கதை தெரிஞ்சிடுச்சேன்னு நேரா மூணாம் பாகத்துக்குத் தாவிடாதீங்க, முதல் பாகம் புது வெள்ளத்துல ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரையில வந்தியத்தேவன் குதிரையில வர்ற இடத்துல இருந்தே ஆரம்பிங்க. 5 பாகத்த ரெண்டு படமா சுருக்குனதுல கந்தமாறனோட தங்கச்சி மணிமேகலைய சுத்தமா தூக்கிட்டாங்க, புக்ல அவ வர்ற இடமெல்லாம் தனி அழகு (எனக்கு குந்தவைய விட இவளத்தான் பிடிக்கும்). அப்புறம் சேந்தன் அமுதன்மேல ஒரு கண்ணு வெச்சுக்கோங்க, படத்துல சும்மா வந்துட்டுப் போற ஆளு இல்ல இவரு, மேல சொன்னா ஸ்பாய்லர் ஆகிடும். கல்கி நடுவுல கதைய நிறுத்திட்டு வரலாறு பேசுவாரு, போரடிச்சா முதல் தடவை அத வேகமா தள்ளிட்டுப் போங்க, தப்பே இல்ல. காசு குடுத்து வாங்கணும்னுகூட இல்ல, நாட்டுடைமை ஆனதால மதுரைத் திட்டம் சைட்லயே 5 பாகமும் ஃப்ரீயா கிடைக்குது.