பட்டை மங்கியதாலேயே புரதம் சிதைந்துவிடவில்லை

குழாய்களில் பெயர் எழுத மறப்பது போன்ற ஆய்வகப் பிழைகளை விட்டுவிடுகிறேன். ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். மடிப்புக் கெட்ட புரதத்தை ஈஸ்ட் எப்படி அழிக்கிறது என்று பார்க்க வரும் புதியவர்கள், நான் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

படிவைக் கொட்டிவிடுவது

சோதனை எளிது. சைக்ளோஹெக்சிமைடு சேர்த்துப் புதுப் புரத உற்பத்தியை நிறுத்துகிறோம். அவ்வப்போது செல்களை எடுத்து உடைத்து, மிச்சமிருக்கும் புரதத்தை ஜெல்லில் ஒரு பட்டையாகப் பார்க்கிறோம். நான் கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் ஏற்றினேன். அடியில் ஒட்டியிருந்த வெண்படிவு குப்பைக்குப் போனது.

42 டிகிரியில் பட்டை அழகாக மங்கியது. புரதங்களைச் சிதைக்கும் இயந்திரமான புரோட்டியாசோம் பழுதான செல்லிலும் அதே வேகத்தில் மங்கியது. அங்கேயே விழித்திருக்க வேண்டும். நானோ யாரும் அறியாத புதுப் பாதை ஒன்று இருப்பதாகக் கதை கட்டி, நான்கு மாதங்களைத் தொலைத்தேன்.

ஒருநாள் அதே செல்களை 25 டிகிரிக்கு இறக்கிவைத்த பிறகு உடைத்தேன். மங்கிய பட்டை மறுபடி தடித்திருந்தது! உற்பத்தி நின்றிருக்கும்போது சிதைந்த புரதம் எங்கிருந்து வரும்? அது சிதையவே இல்லை. சூட்டில் கட்டியாகத் திரண்டு, நான் கொட்டிய படிவில் கிடந்திருக்கிறது. சூடு தணிந்ததும் எச்எஸ்பி104 என்ற உதவிப் புரதம், எச்எஸ்பி70 என்ற இன்னொன்றின் துணையோடு அதைக் கட்டியிலிருந்து உருவி எடுத்துவிட்டது.

கெட்ட புரதத்தைச் செல் திரும்ப மடிக்கலாம். சிதைக்க வேண்டியது என்று அடையாளம் காட்டும் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தின் சங்கிலி மாட்டிப் புரோட்டியாசோமுக்கு அனுப்பலாம். கட்டியாக ஒதுக்கியும் வைக்கலாம். தெளிந்த நீரை மட்டும் பார்ப்பவருக்குக் கடைசி இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இப்போது முழுச் செல்களையே சோடியம் ஹைட்ராக்சைடில் ஐந்து நிமிடம் வைத்து, பிறகு கட்டிகளையும் கரைக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளின் கரைசலில் கொதிக்கவைக்கிறேன். உடைத்துச் சுழற்றினால், மொத்தம், தெளிவு, படிவு மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஏற்றுகிறேன். படிவுக் குழாயோடு யாராவது குப்பைத்தொட்டிப் பக்கம் நகர்ந்தால் இன்றும் குரல் உயர்ந்துவிடுகிறது.

'எம்ஜி132 போட்டும் சிதைவு நிற்கவில்லை'

எம்ஜி132 புரோட்டியாசோமை முடக்கும் மருந்து. அது ஈஸ்டுக்கு உள்ளே தங்கியிருக்காது. பிடிஆர்5 என்ற பம்பு வெளியே தள்ளிவிடும். அந்த மரபணுவை நீக்கிய ஈஸ்டில் செய்யுங்கள்.

ஒரு மரபணுவை மட்டும் நீக்கித் தீர்ப்பு எழுதுவது

கெட்ட புரதத்துக்கு யுபிக்விட்டின் மாட்டும் நொதிகள் உட்கருவில் சான்1, சைட்டோபிளாசத்தில் யுபிஆர்1. ஒன்று போனால் மற்றது ஓரளவு ஈடுகட்டும். இரண்டையும் நீக்கிப் பாருங்கள்.

சைக்ளோஹெக்சிமைடில் மணிக்கணக்காக விடுவது

வேண்டாம். யுபிக்விட்டினே வற்றிப்போகும்.